கால் வளர்ந்தது, இடுப்பு குறைந்தது

போன மே மாதம் நான் வேலை பார்த்த பழைய கடையிலிருந்து போன் வந்தது. ஸ்கூல் சீசன், ஆள் பத்தவில்லை, கூட்டம் அடங்குகிற வரைக்கும் வந்து நில்லுங்கள் என்றார்கள். ரிட்டயர் ஆனவளுக்கு வீட்டில் மருமகளிடம் குறை கண்டுபிடிப்பதைத் தவிர வேறு என்ன வேலை? எனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது என்று கிளம்பிப் போனேன்.

கடை அதே இடத்தில்தான் இருக்கிறது, திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடக்கிற தூரம். உள்ளேதான் எல்லாம் மாறிவிட்டது. ஏசி போட்டிருக்கிறார்கள். யூனிஃபார்ம் எல்லாம் கவரில் வருகிறது, கவர் மேலேயே வயசு அச்சடித்திருக்கிறது. எட்டு வயசா, இந்தா. பத்து வயசா, இந்தா. வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதே இல்லை. ஒரு அம்மா போனில் மகனுடைய போட்டோவைக் காட்டி, "இவனுக்குத்தான், பாத்து ரெண்டு செட் குடுங்க" என்றாள். போட்டோவைப் பார்த்துப் பெண் வேண்டுமானால் நிச்சயம் பண்ணலாம், பேண்ட் எப்படி எடுப்பது?

நான் வழக்கம்போல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "புள்ளைய கூட்டிட்டு வாங்கம்மா, அளந்துதான் குடுப்பேன்" என்றேன். அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டாள். அங்கே நின்ற ரம்யா என்கிற சின்னப் பெண் கவரை எடுத்துக் கொடுத்து, பில் போட அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, வயசுதான் போட்டிருக்கே. அளந்து என்னக்கா ஆகப்போகுது?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நான்தான் சுள்ளென்று எதையோ சொல்லி விரட்டிவிட்டேன். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் என் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை என்று புரிந்தது. அதே கேள்வியை வேறொருவர் என் முன்னால் கேட்டிருக்கிறார். என்னைவிட வேலை தெரிந்தவர். அவருக்கும் பதில் கிடைக்கவில்லை.

என் பெயர் ஜமீலா. வீட்டுக்காரர் மவுத்தானபோது மகன் கைக்குழந்தை. அந்த வருஷமே இந்தக் கடையில் சேர்ந்தேன். முதலில் துணி மடித்து வைத்தேன், அப்புறம் சாக்ஸ், பெல்ட், டை. பிறகு ஷூ பக்கம் அனுப்பினார்கள், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் உத்தியோகம் முழுக்கப் பிள்ளைகளின் காலடியில்தான் போனது என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். உள்ளங்காலைப் பார்த்தே லீவில் எந்தப் பிள்ளை வெயிலில் ஓடியது, எது டிவி முன்னால் கிடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஸ்கூல் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் ராகவன் சார். ஸ்ரீரங்கத்துக்காரர், உத்தர வீதியில் வீடு. நெற்றியில் பளிச்சென்று திருமண், வெள்ளைச் சட்டை, கழுத்தில் மஞ்சள் டேப். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டுக் காவிரிப் பாலத்தைச் சைக்கிளிலேயே தாண்டி வந்துவிடுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "ஜமீலா" என்பவர், "ஜமீலா அம்மா, சித்த இங்க வரேளா" என்றால் என்ன தப்புப் பண்ணினோம் என்று யோசித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

அக்னி நட்சத்திரம் முடிகிற நேரத்தில் எங்களுக்குச் சீசன் ஆரம்பிக்கும். மண்ணச்சநல்லூர், லால்குடி, முசிறிப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். தீபாவளிக்கு அடுத்தபடி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வருவது இதற்குத்தான். சாயங்காலம் மலைக்கோட்டையோ அம்மா மண்டபமோ போய்விட்டு, ஓட்டலில் பரோட்டா தின்றுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்கள். எங்கள் கடையில் யூனிஃபார்ம், ஷூ, பை, நோட்டு, அட்டை போடுகிற காக்கித்தாள் வரைக்கும் எல்லாம் கிடைக்கும். எதை எப்போது காட்ட வேண்டும் என்பதற்கு ராகவன் சார் ஒரு வரிசை வைத்திருந்தார். பையைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். "பையப் பாத்த கொழந்த அப்பறம் அளவுக்கு நிக்காது" என்பார். அது நூற்றுக்கு நூறு உண்மை. பையைத் தோளில் மாட்டின பிள்ளை கண்ணாடி முன்னாலிருந்து நகராது.

அவர் அளவெடுக்கிறதைப் பார்க்க வேண்டும். பிள்ளையிடம் முதலில் பெயரைக் கேட்பார். அப்புறம் லீவில் எங்கே போனாய் என்று கேட்பார். டேப் வயிற்றில் பட்டதும் பிள்ளைகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அளவு தப்பாகிவிடும். மாமா வீட்டுக்குப் போனேன், கிணற்றில் குளித்தேன் என்று பேச ஆரம்பித்தால் மூச்சு தானாக வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் டேப்பை இறுக்காமல் சுற்றி, உள்ளே இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். பெண் பிள்ளைகள் என்றால் என்னைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்று அளவை மட்டும் கேட்டுக்கொள்வார்.

அளந்து முடித்ததும் ஒரு சைஸ் கூட்டித்தான் எடுப்பார். "வளர்ற கொழந்த. அடுத்த வருஷத்துக்கும் சேத்து எடுத்துக்கோங்கோ." பேண்ட் கீழே உள்பக்கம் மடித்துத் தைத்திருக்கும், வளர வளரப் பிரித்துவிடலாம். இது பாதி வியாபாரம், பாதி ஆசீர்வாதம். துணி கச்சிதமாக இருக்கிறது என்று யாராவது சேல்ஸ்மேன் வாய் தவறிச் சொன்னால் தாய்மார்களுக்கு முகம் விழுந்துவிடும். கச்சிதம் என்றால் பிள்ளை இதோடு நின்றுவிடும் என்பது போல. அதனால்தான் ஜூன் மாதத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இன்னொரு ஆளுக்கு இடம்விட்டுச் சட்டை போட்டுக்கொண்டு திரியும்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். பிள்ளையின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. குண்டு என்றோ ஒல்லி என்றோ, நல்லா வளர்ந்திருக்கான் என்றோகூட. பெற்றவள் தன் மகனைத் தேவாங்கு என்பாள், அது அவள் பாடு. நாம் சிரிக்கக்கூடக் கூடாது. "டேப்பு பேசட்டும், நீங்க பேசப்படாது" என்பார்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கலா என்று ஒரு பெண் எங்களோடு வேலை பார்த்தாள். வெள்ளை மனசு. ஒருநாள் ஒரு குழந்தையைத் தூக்கி, "பாப்பா கொழுகொழுன்னு தக்காளி மாதிரி இருக்குல்ல" என்றுவிட்டாள். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது அந்தக் குழந்தையின் அம்மா வாசலில் நிற்கிறாள். ராத்திரி முழுக்கக் காய்ச்சலாம். சண்டைக்கு வரவில்லை, மரியாதையாகத்தான் கேட்டாள். "கண்ணு பட்டுருச்சு, அந்தப் பொண்ணோட காலடி மண்ணு கொஞ்சம் வேணும், உப்பு மொளகாயோட சுத்திப் போடணும்." டைல்ஸ் போட்ட கடையில் காலடி மண்ணுக்கு எங்கே போவது? கலாவைச் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் புழுதியில் நடக்கச் சொல்லி, காகிதத்தில் வழித்துக் கொடுத்தனுப்பினோம். கலா அழுதாள், நாங்கள் எல்லாம் சீசன் முடிகிற வரை அதைச் சொல்லிச் சிரித்தோம். ராகவன் சார் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்துதான் அந்தச் சட்டம்.

அதை அவரே ஒருநாள் மீறினார்.

மண்ணச்சநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து செல்வி என்று ஒரு அம்மா வருஷா வருஷம் வருவாள். வீட்டுக்காரருக்கு ரைஸ் மில்லில் வேலை, லீவு கிடைக்காது. செல்விதான் மகளையும் மகனையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வருவாள். மூத்தது சுகன்யா, அடுத்தது தினேஷ். செல்வி வந்தால் கடைக்குத் தெரியும், அவ்வளவு சத்தம். ராகவன் சாரை "நாமக்கார சார்" என்று கூப்பிடுகிற தைரியம் அவளுக்கு மட்டும்தான் உண்டு. எனக்கு முந்தானையில் அவித்த கடலை முடிந்துகொண்டு வருவாள். பிள்ளைகளுக்கு வாங்குவதில் கை கூசாதவள். தான் கட்டியிருக்கிற சேலை எத்தனை தடவை துவைத்தது என்று கணக்கு இருக்காது, மகனுக்கு டிபன் டப்பா மட்டும் பிளாஸ்டிக் வேண்டாம், எவர்சில்வர்தான் வேண்டும் என்பாள்.

அந்த வருஷம் தினேஷ் ஆறாவதுக்குப் போகிறான். புது ஸ்கூல், பஸ்ஸில் போக வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், ஆறாவதிலிருந்து முழு பேண்ட். கடைக்குள் வரும்போதே, "அக்கா, எனக்கு பேண்ட்டு. டவுசர் இல்ல, பேண்ட்டு" என்றான்.

சொல்லிவிட்டு நேராகத் தண்ணீர் டிரம்முக்குப் போனான். டம்ளர் டம்ளராகக் குடித்தான். நெருப்பு கொட்டுகிற வெயிலில் பஸ்ஸில் வந்த பிள்ளை, குடிக்கத்தானே செய்யும் என்று யாருக்கும் அது ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போனான். வந்து மறுபடியும் தண்ணீர் குடித்தான்.

பேண்ட் பக்கம் கூட்டமாக இருந்ததால் செல்வி அவனை முதலில் என்னிடம் உட்கார வைத்தாள். அடி அளக்கிற பலகையில் காலை வைத்துக் கட்டையைத் தள்ளினேன். போன வருஷத்துக்கு ஒரு சைஸ் கூடியிருந்தது. காலைப் பற்றி மட்டும் பேசலாம், அதற்குக் கண் படாது. "காலு வளந்துருச்சுடா தினேசு" என்றேன். "அவங்கப்பா காலு அது" என்று செல்வி பூரித்துப் போனாள். கறுப்பு ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று அதோடேயே டக்டக்கென்று நடந்து ராகவன் சாரிடம் போனான்.

நான் சாக்ஸ் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பையன் போன வருஷத்து டவுசரைப் போட்டிருந்தான். இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தது. ராகவன் சார் பெயர் கேட்டு, லீவுக்கு எங்கே போனாய் என்று கேட்டு, சட்டையைத் தூக்கி டேப்பைச் சுற்றினார். விரலை விட்டுப் பார்த்தார். டேப்பை எடுத்துவிட்டு மறுபடியும் சுற்றினார். ஒருமுறை அளந்ததை அவர் மறுபடி அளந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். பையனுடைய அரைஞாண் கயிறு இடுப்பிலிருந்து நழுவி இடுப்பெலும்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கயிறு எப்பம்மா கட்டினது?"

"போன வருஷம் சமயபுரத்துல கட்டுனது சார். ஏன்?"

அவர் என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார். "ஜமீலா, கால் எப்படி?"

"ஒரு சைஸ் கூடியிருக்கு சார்."

அவர் முகம் மாறினதை நான் பார்த்தேன். சட்டை, டவுசர் எல்லாம் வளர்வதற்கு என்று பெரிதாக வாங்குவோம், தொளதொள என்று இருந்தால் யாரும் யோசிக்க மாட்டோம். கயிறு அப்படி இல்லை. அது அன்றைக்கு இருந்த இடுப்புக்கு அளவாகக் கட்டுவது. வருஷம் போனால் இறுக வேண்டும், அறுத்து வேறு கட்ட வேண்டும். வளர்ந்த காலுக்கு மேலே இடுப்பு சுருங்கிப் போயிருந்தது.

"கொழந்த நன்னா சாப்படறானா?" என்று கேட்டார்.

"அத ஏன் கேக்குறீங்க, மூணு தட்டு சோறு திங்கிறான். திங்கிறதெல்லாம் எங்க போவுதுன்னே தெரியல. பூச்சி மருந்துகூட குடுத்துப் பாத்துட்டேன்."

சுகன்யா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண். அவள் சொன்னாள். "ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு தண்ணி குடிக்கிறான் சார். பாயிலயே ஒண்ணுக்குப் போயிடுறான்."

தினேஷ் அவள் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கடை நிறைய ஆட்கள். செல்வி மகளின் தொடையைக் கிள்ளினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய மூடு" என்றாள். சுகன்யாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

ராகவன் சார் செல்வியைத் தூண் பக்கம் கூப்பிட்டார். நானும் போனேன்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கப்படாது. கொழந்தய மொதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போங்கோ. இன்னிக்கே போங்கோ. யூனிஃபார்ம் அப்பறம் எடுத்துக்கலாம்."

"ஆஸ்பத்திரிக்கா? எதுக்கு சார்?"

"என்னன்னு எனக்குத் தெரியாது. கால் வளந்திருக்கு, இடுப்பு கொறஞ்சிருக்கு. இத்தன வருஷத்துல நான் இப்படி ஒரு கொழந்தயப் பாத்ததில்ல."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். செல்வியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்ன சார் இப்படிப் பேசுறீங்க. புது ஸ்கூலுக்குப் போவ ஆசையா கெளம்பி வந்த புள்ளைய, வாசப்படி தாண்டுறதுக்குள்ள கண்ணு வெச்சுப் பேசுறீங்களே."

"கண்ணு இல்லம்மா..."

"வேற என்ன சார் இது? நாலு பேரு நிக்கிற எடத்துல இடுப்பு சுருங்கிருச்சு, அப்படிப் பாத்ததில்ல, இப்படிப் பாத்ததில்லங்குறீங்க. நீங்க டாக்டரா? துணி குடுக்குறவருதான?"

சத்தம் கேட்டுக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. தினேஷ் ஷூவோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். செல்வி அவனை உட்கார வைத்து ஷூவைக் கழற்றினாள். அவன் முரண்டு பிடித்தான். "பேண்ட்டும்மா, பேண்ட்டு" என்றான். "வேற கடையில வாங்கிக்கலாம் வா" என்று எழுப்பினாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"உங்க காலடி மண்ணு குடுங்க" என்றாள்.

மூலைக்கு மூலை கண் திருஷ்டி பேசுகிற ஊர்தான், ஆனாலும் அந்த வயசு மனிதரிடம், நெற்றியில் நாமத்தோடு நிற்கிறவரிடம், முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் குறுக்கே போகப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். தார் ரோட்டோரம் சாக்கடைப் பக்கமாகக் கொஞ்சம் மண் கிடந்தது. அந்த மத்தியான வெயிலில் வெறுங்காலோடு அதில் ஏறி நின்றார். நன்றாக அழுத்தி மிதித்துவிட்டு நகர்ந்து நின்றார்.

"எடுத்துக்கோங்கோ அம்மா. ஆத்துக்குப் போய்ச் சுத்திப் போடுங்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நாளைக்குக் காலம்பற ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிடுங்கோ."

செல்வி குனிந்து மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. எப்போதும் எனக்குக் கடலை முடிந்துகொண்டு வருகிற முந்தானை அது.

முதலாளி மேலேயிருந்து இறங்கி வந்து, "வந்த கஸ்டமர ஆஸ்பத்திரிக்கு அனுப்புற கடை திருச்சியிலயே நம்ம கடைதான் ஓய்" என்றார். ராகவன் சார் காலைக் கழுவிவிட்டு வந்து அடுத்த பிள்ளையிடம் பெயர் கேட்டார்.

சாயங்காலம் டீ குடிக்க வெளியே போனபோது அவர்களைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தேன். கையில் வேறு கடைப் பை. தினேஷ் தோளில் புதுப் பை, நீலக் கலர். கரும்பு ஜூஸ் வண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பையன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தான். குடித்து முடித்ததும் செல்வி தன் டம்ளரையும் அவனிடம் கொடுத்தாள். அந்தக் காட்சி இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. வெயிலில் வாடின பிள்ளைக்குத் தாய் தன் பங்கையும் கொடுக்கிறாள், உலகத்தில் எந்தத் தாயும் செய்கிறதுதான். அல்லா, அதற்குப் போய் இப்படி ஒரு தண்டனையா என்று எத்தனையோ தொழுகையில் கேட்டுவிட்டேன்.

ஆடி பிறந்து கூட்டமெல்லாம் ஓய்ந்த சமயம். மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். செல்வி சுகன்யாவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தாள். சத்தமே இல்லாமல் வந்ததால் முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ராகவன் சாருக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"சுகர் வியாதியாம் சார்" என்றாள். "நண்டுஞ்சிண்டுமா இருக்குற புள்ளைக்கு சுகராம். கெழடு கட்டைக்கு வர்ற நோவு. யாருக்குத் தெரியும் சார்."

ஸ்கூல் திறந்து கொஞ்ச நாள்தான் போனானாம். வயிற்று வலி, வாந்தி. வெயில் சூடு என்று இளநீர் கொடுத்திருக்கிறார்கள், குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் காலையில் மூச்சு ஒரு மாதிரி இரைத்திருக்கிறது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. வேன் வைத்துத் திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த பிறகுதான் என்ன நோய் என்றே தெரிந்தது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா, தெனம் ஊசி போட்டுட்டே வளத்திருக்கலாமாம். சொன்னாங்க. ஊசி போட்டா இருந்திருப்பானாம்."

அவள் அழவில்லை. அழுது முடித்த முகம். நான் அவள் கையைப் பிடித்தேன். அது மரக்கட்டையாக இருந்தது.

"நீங்கதான சார் வருஷா வருஷம் பெரிசா எடுங்க, பெரிசா எடுங்கன்னீங்க" என்றாள் ராகவன் சாரிடம். "சட்டை பெரிசு, டவுசர் பெரிசு. உள்ள புள்ள கரைஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குத்தான் வாய் துடித்தது. அன்றைக்கே சொன்னாரே, மண்ணைக்கூட மிதித்துக் கொடுத்தாரே என்று. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் நியாயம் பேசி என்ன ஜெயிக்கப் போகிறோம்?

செல்வி மகளை முன்னால் தள்ளினாள்.

"இவள அளந்து பாருங்க" என்றாள். "ஒண்ணும் வாங்க வரல. அளந்து மட்டும் பாருங்க."

நான் அளந்தேன். அவர் திரும்பி நின்று அளவைக் கேட்டுக்கொண்டார். போன வருஷத்து அளவைவிட இடுப்பும் நீளமும் கூடியிருந்தது. "கூடியிருக்கும்மா, நன்னா இருக்கா" என்றார். செல்வி தலையாட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு ராகவன் சார் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "அளந்தேன். தெரிஞ்சுது. சொன்னேன்" என்றார். "அளந்து என்ன பிரயோஜனம், ஜமீலா?" ஒருவேளை பொறுமையாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளோ, நான்கு பேர் நிற்கிற இடத்தில் சொல்லாமல் இருந்தால் கேட்டிருப்பாளோ என்று அவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அவ்வப்போது கேட்பார்.

செல்வி அடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும். முதலாளிக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, விஷயம் தெரிந்த பிறகு அவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஜூன் மாதம் யூனிஃபார்ம் வாங்க வந்தபோது ராகவன் சார் வழக்கம்போல ஒரு சைஸ் கூட்டி எடுத்தார். செல்வி தள்ளி வைத்தாள். "அளவாக் குடுங்க. ஒடம்போட ஒட்டி இருக்கணும். எனக்குத் தெரியணும்." கச்சிதமான துணி என்றால் முகம் விழுகிற ஊரில் அதைக் கேட்டு வாங்கின ஒரே தாய் அவள்தான். பாதி வருஷத்துக்குள் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். கூடப் படிக்கிறதுகள் கேலி பண்ணுகின்றன என்று சுகன்யா என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு மாதம் அளவு ஏறவில்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு நடுவில் அப்படி நிற்பது சகஜம்தான். நாங்கள் எடுத்துச் சொல்லியும் செல்வி கேட்கவில்லை. நேரே ரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கடுத்த மாதம் வந்தபோது, டிரையல் ரூமுக்குள் கதவைச் சாத்தியதும் சுகன்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாகக் குத்தின தழும்பு.

"அக்கா, இந்தத் தடவ கொஞ்சம் கூடச் சொல்லுங்கக்கா. இல்லன்னா அம்மா மறுபடியும் ஊசி குத்தக் கூட்டிட்டுப் போயிடும். சோறு தொண்ட வரைக்கும் திங்க வைக்குதுக்கா. ராத்திரி நான் தண்ணி குடிக்க எந்திரிச்சாலே எந்திரிச்சு உக்காந்து அழுவுது. தாகமா இருந்தாலும் படுத்தே கெடக்குறேன்."

எனக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஒரு பொய்தானே, சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வெளியே வந்து ராகவன் சார் காதில் போட்டேன். "கூடாது ஜமீலா" என்றார். "அவா இங்க வர்றதே நாம நெஜத்தச் சொல்லுவோம்னுதான். இதுல ஒருதரம் பொய் சொல்லிட்டா, நாளைக்கு நெஜமா ஒண்ணு வந்தா யார் சொன்னா நம்புவா?" நல்லவேளை, அந்த மாதம் அளவு ஏறியிருந்தது. அளவைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது. செல்வி அதையும் கவனித்துவிட்டு, "என்ன, என்ன" என்று பதறினாள்.

அப்புறம் ராகவன் சார் ரிட்டயர் ஆனார். போகும்போது அந்த டேப்பை என்னிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு வேலையும் நான்தான் பார்த்தேன், அளப்பதும் சொல்வதும்.

நான் ஓய்வு பெறுகிற சமயம் சுகன்யா காலேஜில் சேர்ந்துவிட்டாள். அம்மாவைவிட ஒரு தலை உயரம். காலேஜில் யூனிஃபார்ம் கிடையாது. இனிமேல் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். என் கடைசி வாரத்தில் செல்வி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலையெல்லாம் நரைத்திருந்தது. சுடிதார் போட்டு வந்த பெண்ணை, அத்தனை பேருக்கு நடுவில், சின்னப் பிள்ளையை நிறுத்துவது போல என் முன்னால் நிறுத்தினாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுகன்யா அவர்களைப் பார்க்கவில்லை.

உள்ளே கூட்டிப்போய் அளந்தேன். செல்வியும் கூடவே வந்து நின்றாள். உயரம் பார்த்தேன், தோள் பார்த்தேன், இடுப்பு பார்த்தேன். எல்லாம் போன தடவை இருந்த அளவேதான். அதற்கு முந்தின தடவையும் அதேதான் இருந்தது.

"எப்படியிருக்கு?" என்றாள் செல்வி.

"நல்லா இருக்கா செல்வி. போன தடவை இருந்த மாதிரியே இருக்கா."

"கூடலையா?"

"வயசு வந்தாச்சும்மா. வளர வேண்டியது வளந்துட்டா. பொண்ணு இனிமே வளராது, எல்லாருக்கும் இதோட நின்னுடும். இனி எப்ப அளந்தாலும் இதேதான் இருக்கும்."

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். செல்வி மகளை மேலும் கீழும் பார்த்தாள். நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"இன்னொரு தடவ பாருங்க" என்றாள்.

நான் சுகன்யாவைப் பார்த்தேன். அவள் துப்பட்டாவை எடுத்து ஆணியில் மாட்டினாள். மறுபடியும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.